இழந்த பாலியத்தின் குரல்: யாழ்ப்பாண அரங்கையும் வானொலியையும் முன்னிறுத்திய ஒரு நோக்கு

1

ஈழத்துத் தமிழ் நாடகம் பற்றிய ஆய்வுகள் கடந்த அரை நூற்றாண்டில் கணிசமாக வளர்ந்துள்ளன. கூத்தின் ஆட்டமுறை, தாளக்கட்டு, உடையணி, ஏட்டுப்பிரதி, ஆடுவோரின் சமூகத்தளம் என்பன பலராலும் ஆராயப்பட்டுள்ளன. ஆயின், நடிகரின் குரல் தனியொரு பொருளாகக் கொள்ளப்படுவது அரிது. ‘நல்ல சாரீரம்’, ‘கணீரென்ற குரல்’ என்னும் பாராட்டுரையோடு விமரிசனம் நின்றுவிடும். குரல் பிறவிக்கொடை, அதில் ஆராய யாதுமில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

உண்மையில் மேடையில் ஒலிக்கும் குரல் ஒரு தெரிவாகும். எந்தச் சுருதியிற் பாடுவது, எவ்விடத்திற் பாட்டை விட்டு வசனத்திற்கு இறங்குவது, செந்தமிழிற் பேசுவதா ஊர்வழக்கிற் பேசுவதா, எங்கே மூச்சை நிறுத்துவது என்பனவெல்லாம் நடிகரோ, அண்ணாவியாரோ, நெறியாளரோ செய்யும் தீர்மானங்கள். அத்தீர்மானங்கள் வெறுமனே அழகியல் சார்ந்தனவல்ல. அரங்கின் பௌதிக நிலைமைகளும், பார்ப்போர் எவருக்காக இரங்குவர் என்ற சமூக நியதியும் அவற்றை உருவாக்குகின்றன.

இக்கட்டுரை அத்தெரிவுகளை ஒரு குறித்த பொருளை முன்வைத்து நோக்க முயல்கிறது. பாலியத்தை இழந்த ஒரு பாத்திரத்தின் இழப்பு, குரலினூடாக எவ்வாறு வெளிப்படுகின்றது? மயான காண்டத்து லோகிதாசன், காத்தவராயன் கூத்து, வானொலி நாடகம், போர்க்கால அரங்கு ஆகிய நான்கும் இங்கு சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

2

பாலியம் என்பது வயதுக்கணக்கு மட்டுமன்று. பிறர் தன்னைக் காப்பர் என்ற நம்பிக்கையும், விளையாடுவதற்கான ஓய்வும், கேட்டதைத் தயங்காது கேட்கும் உரிமையும் சேர்ந்த ஒரு சமூகநிலை அது. வறுமை, அடிமைநிலை, போர் ஆகியன அந்நிலையைப் பறிக்கின்றன. பறிக்கப்பட்டதன் அடையாளங்கள் பேச்சிலே தோன்றும். அவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, முந்திய முதுமை. குழந்தை பெரியோர்போற் பேசுகிறது. தொனியிற் கெஞ்சலோ பிடிவாதமோ இல்லை; கணக்குப் பார்த்துச் சொல்லும் அளவான சொற்களே உள்ளன. இரண்டாவது, பின்னோக்கிய மீட்சி. வளர்ந்த ஒருவர் நெருக்கடி வேளையிற் குழந்தையின் குரலுக்குத் திரும்புகிறார். மூன்றாவது, மௌனம். பேசவேண்டிய இடத்திற் குரல் எழாமற் போகிறது.

இம்மூன்றும் உளமருத்துவர் நன்கறிந்தவை. போரின் உளப்பாதிப்பை யாழ்ப்பாணத்திலிருந்தே ஆராய்ந்து 1998இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் துறைசார் பணியும், பிறநாட்டு ஆய்வுகளும், நெருக்கடிக்குட்பட்ட சிறுவரிடம் பிற்போக்கு நடத்தையும் பேச்சுக் குன்றலும் தோன்றுவதைக் கவனித்துள்ளன. நமது நாடக மரபு, மருத்துவச் சொற்களின் துணையின்றியே, இவற்றைக் குரலின் வழி கையாண்டு வந்துள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

யாழ்ப்பாணத்து இசைநாடகத்தின் உச்சம் எதுவெனக் கேட்டால், முதியோர் பலரும் ‘மயான காண்டம்’ என்றே கூறுவர். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாக நடித்த அந்நாடகம், அவரது வசந்தகான சபையினரால் 3000 தடவைக்கு மேல் மேடையேற்றப்பட்டதாகக் குறிக்கப்படுகிறது. கோயில் வீதிகளிலும் வெட்டைகளிலும் நள்ளிரவு கடந்து நிகழ்ந்த அவ்வளிக்கைகளைக் காண மக்கள் பாய் தலையணையோடு சென்றனர்.

கதை யாவரும் அறிந்தது. அயோத்தி மன்னன் அரிச்சந்திரன் வாய்மை காக்க நாட்டை இழக்கிறான். மனைவி சந்திரமதியும் மகன் லோகிதாசனும் காசியிலே காலகண்டர் என்னும் அந்தணருக்கு அடிமைகளாக விற்கப்படுகின்றனர். தன்னையும் விற்றுக்கொண்ட அரிச்சந்திரன் வீரவாகுவின் அடிமையாய்ச் சுடலை காக்கிறான். தருப்பை கொய்யச் சென்ற சிறுவன் பாம்பு தீண்டி இறக்கிறான். எசமான் வீட்டு வேலைகளை முடித்த பின்னரே தாய்க்கு மகனின் உடலைத் தேடிச்செல்ல அனுமதி கிடைக்கிறது. சுடலையில், காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் தராமற் பிணஞ் சுடவொண்ணாது எனக் காவலாளி மறிக்கிறான். அவன் அச்சிறுவனின் தந்தை.

லோகிதாசனுக்கு மேடையிற் கிடைப்பது சிறிது நேரமே. அச்சிறிது நேரத்தில் அவன் குரல் மூன்று வேலைகளைச் செய்யவேண்டும். அவன் அரசகுமாரன், அவன் அடிமை, அவன் சிறுவன். தாயோடு பேசும்போது உரிமையும், எசமானோடு பேசும்போது ஒடுக்கமும், தருப்பை கொய்யவரும் மற்றைச் சிறுவரோடு பேசும்போது பழைய விளையாட்டின் ஒரு சாயலும் ஒலிக்கவேண்டும். இம்மாற்றங்களை வேறுபடுத்திக் காட்டும் நடிகர், அரண்மனையை விவரிக்காமலே அது போய்விட்டதை உணர்த்திவிடுகிறார். எல்லாவற்றையும் ஒரே அழுகைக் குரலிற் பாடுபவரிடம் இழப்புத் தெரிவதில்லை. துயரம் மட்டுமே தெரிகிறது. இழப்பு என்பது முன்னும் பின்னும் என்ற இரு நிலைகளுக்கிடையிலான வேறுபாடு. குரலிலே அவ்வேறுபாடு இல்லையேல் அதனைக் கேட்போர் உணர வழியில்லை.

பசியைச் சொல்லும் இடத்தை நோக்குவோம். அரண்மனைப் பிள்ளை பசியை ஆணையாகச் சொல்லும். விற்கப்பட்ட பிள்ளை அதே பசியைத் தாயின் முகம் பார்த்துத் தணிந்த குரலிற் சொல்லும். அல்லது தனக்குப் பசியில்லையென மறைக்கும். பின்னையது மேலே கூறிய முந்திய முதுமையாகும். தாய் தன்னைக் காப்பாற்ற இயலாதவள் என்பதைக் குழந்தை அறிந்துகொண்டது என்பதே அதன் பொருள்.

அவன் இறந்த பின்பு மூன்றாவது அடையாளமாகிய மௌனம் அரங்கை ஆட்கொள்கிறது. அதன்பின் அச்சிறுவனின் பாலியம் தாயின் குரலுக்கு இடம்பெயர்கிறது. சந்திரமதியின் புலம்பலில் ஒப்பாரியும் தாலாட்டும் கலக்கின்றன. நாட்டார் மரபில் இவ்விரு வடிவங்களும் நெருங்கிய உறவுடையன. இரண்டும் பெண்கள் பாடுபவை. இரண்டிலும் மடியிற் கிடப்பவரை விளித்து அடுக்கடுக்காகப் புகழும் பாங்குண்டு. பிணத்தைத் தாலாட்டும் குரலில், அச்சிறுவன் வளர்ந்து அடைந்த அடிமைநிலை முழுதும் அழிந்து, அவன் மீளவும் கைக்குழந்தையாகிவிடுகிறான். யாழ்ப்பாண மேடையில் நெடுங்காலம் ஆடவரே இப்பாத்திரத்தை ஏற்றனர் என்பதும் நினைக்கத்தக்கது. ஆண்குரல் ஒன்று தாய்க்குரலாகித் தாலாட்டும்போது நிகழும் முயற்சி கேட்போரை அக்குரலின்மீதே கவனங்கொள்ளச் செய்கிறது.

அரிச்சந்திரனின் குரலிலோ மற்றொரு தெரிவு உள்ளது. முன்பகுதியில் அவன் பேசுவது தொழிற்குரல். கூலியைக் கேட்கும் குரல், எந்தப் பிணத்திற்கும் உரிய பொதுக்குரல். தனக்கு மட்டுமே புலனாகும் தாலியால் அவளை மனைவியென அறிந்த பின்னரே ‘பிணம்’ ‘மகன்’ ஆகிறது. இவ்விடத்தில் நடிகர் உச்சத் தொனியிற் பாட்டெடுக்கலாம்; அன்றிப் பாட்டை நிறுத்தி வெறும் மூச்சோடு நிற்கலாம். வைரமுத்துவின் புகழ் அவரது உயர்சுருதிப் பாடலிலும் அதன் உருக்கத்திலும் தங்கியது. ஆயினும் அப்பாட்டின் வன்மை, அதற்கு முந்திய தொழிற்குரலின் வறட்சியிலிருந்து பிறப்பதை மறத்தலாகாது.

4

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. கேட்போர் லோகிதாசனுக்காக அழுதது அவன் சிறுவன் என்பதாலா, அரசகுமாரன் என்பதாலா?

யாழ்ப்பாணத்து வசதிபடைத்த குடும்பங்கள் பலவற்றில், மலையகத் தோட்டங்களிலிருந்தும் வறிய கிராமங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட சிறுவர் வீட்டுவேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தனர் என்பது மறைக்கவியலாத வரலாறு. அவர்களும் எசமானின் அனுமதி பெற்றே உண்டனர், உறங்கினர். லோகிதாசனுக்காகக் கண்ணீர் விட்டவர் வீடு திரும்பியதும் அடுப்படியிற் படுத்திருந்த சிறுவனை எழுப்பித் தண்ணீர் கேட்டிருக்கக்கூடும். முன்னவனின் குரல் கேட்டது. பின்னவனின் குரல் கேட்கவில்லை.

குரற்தெரிவு இங்கு சமூகப் பொருள் பெறுகிறது. லோகிதாசனைச் செந்தமிழிலும் கருநாடக இராகத்திலும் மட்டும் ஒலிக்கவைத்தால், அவன் வீழ்ந்த இளவரசனாகவே கேட்கப்படுவான். இரக்கம் அவனது குலத்தைச் சாரும். எசமானோடு பேசும் வேளையில் ஊர்வழக்கின் ஒடுங்கிய குரல் ஒன்று அவனிடம் வெளிப்பட்டால், பார்ப்போர் அக்குரலைத் தம் வீட்டிற் கேட்டதாக நினைவுகொள்ள நேரும். இசைநாடகக் கலைஞர் பலர் சாதியொடுக்குமுறைக்கு உட்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மன்னன் ஒருவன் சுடலை காக்கும் தொழிலாளியாகிப் பேசும் காட்சியில், எவருடைய அனுபவம் எவருடைய குரலிற் கேட்கப்பட்டது என்பது எளிய வினாவன்று.

நடிகரின் சொந்தப் பாலியமும் இவ்வரலாற்றில் அடங்கும். யாழ்ப்பாணத்து இசைநாடக மரபு தமிழகக் குழுக்களின் வருகையாற் செழித்தது. அம்மரபின் தலையாய ஆசிரியரான சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, பெயர் சுட்டுவதுபோலவே சிறுவர்களைக் கொண்டது. டி. கே. எஸ். சகோதரர்கள் அதிற் சிறுவராய்ச் சேர்ந்தவர்கள். ‘பாய்ஸ் கம்பெனி’ எனப்பட்ட இத்தகைய குழுக்களில் வறிய குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து, அரசனாகவும் அரசியாகவும் முனிவனாகவும் பாடினர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டுதற்கு ஐந்து கட்டைச் சுருதி போன்ற உயர்நிலை வேண்டப்பட்டது. சிறுவனின் உடையாத குரல் அதற்கு இயல்பாகவே பொருந்தியது. அக்குரலே அவனது மூலதனம். பருவமாற்றத்தில் ‘மகரக்கட்டு’ வந்து குரல் உடைந்ததும் அவனுடைய மதிப்புக் குன்றியது. சிலருக்குப் புதிய வேடம் கிடைத்தது, சிலருக்கு வீடு திரும்புவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

பாலியத்தை மேடைக்கு விற்ற ஒரு சிறுவன், பாலியத்தை இழந்த இளவரசனாக நடித்தான். அவன் குரலில் ஒலித்த துயரத்தில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு வாழ்வு எனப் பிரித்தறிதல் கடினம்.

5

காத்தவராயன் கூத்து இவ்விடயத்தை வேறொரு முறையிற் கையாள்கிறது. மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்து, குடாநாட்டுக் கிராமங்கள் பலவற்றில் நேர்த்திக்காக விடியவிடிய ஆடப்படும் இக்கூத்தில், காத்தான் என்னும் ஒரே பாத்திரத்தை ஒருவருக்குப் பின் ஒருவராகப் பல நடிகர் ஏற்பர். சிறு பருவத்திற்கு ஒருவர், இளமைக்கு ஒருவர், கழுவேறும் இறுதிப் பகுதிக்கு ஒருவர் எனப் பாத்திரம் கைமாறும்.

நீண்ட இரவில் ஒரு தொண்டை முழுப்பாட்டையும் தாங்காது என்பது இவ்வழக்கத்திற்கான நடைமுறைக் காரணமாகலாம். ஊரிலுள்ள பலருக்கும் நேர்த்தி நிறைவேற்ற வாய்ப்புக் கிடைப்பது மற்றொன்று. காரணம் எதுவாயினும் அதன் கலைவிளைவு ஆழமானது. கூத்துக்குரிய சிந்துநடை மெட்டு விடாது தொடர்கிறது; பாடும் குரல் மட்டும் மாறிவிடுகிறது. மெட்டினால் அவன் அதே காத்தான் என அறிகிறோம். குரலினால் முன்னைய சிறுவன் இனி வரமாட்டான் என அறிகிறோம். தொடர்ச்சியையும் இழப்பையும் ஒரே வேளையில் உணர்த்தும் இவ்வுத்தியை எந்தத் தனிநடிகரும் தம் திறமையால் மட்டும் எய்துதல் அரிது.

காத்தானின் கதை தாய்க்கும் மகனுக்கும் இடையிலான வழக்கு. ஆரியமாலையை அவன் விரும்புகிறான்; தாய் தடைகளை விதிக்கிறாள்; முடிவிற் கழுமரம் நிற்கிறது. கழுவிலே நின்று தாயை நோக்கிப் பாடும் கடைசிக் காத்தான் வளர்ந்த ஆடவன். அவன் தாயை விளிக்கும் தொனியில் முதற்காத்தானின் குழைவு மீளவும் எழுமாயின், அது நாம் கூறிய பின்னோக்கிய மீட்சியாகும். மாலையிற் கேட்ட சிறுகுரலை விடியற்காலையில் இன்னொரு தொண்டையிற் கேட்கும் கிராமத்தவர், அத்தொடர்பை எவரும் விளக்காமலே உணர்ந்துகொள்வர்.

6

ஒலிவாங்கியின் வருகை குரல் நடிப்பின் அடிப்படையை மாற்றியது. கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் இலங்கை வானொலியாகவும் 1967இற் கூட்டுத்தாபனமாகவும் வளர்ந்தது. ‘சானா’ சண்முகநாதனின் தயாரிப்புகளும், இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ போன்ற தொடர்களும் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை நாடெங்கும் ஒலிக்கச் செய்தன. 1970களில் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ குடும்பங்களை வானொலிப் பெட்டியின்முன் அமர்த்தியது. கரவெட்டியைச் சேர்ந்த கே. எஸ். பாலச்சந்திரன் (1944–2014) ‘அண்ணை றைட்’ என்னும் தனிநடிப்பில் ஒரு பேருந்தையும் அதிற் பயணஞ் செய்யும் பலதரப்பட்ட மனிதரையும் ஒரே தொண்டையால் உருவாக்கினார்.

கொட்டகையிற் கத்திப் பாடவேண்டிய துயரத்தை ஒலிவாங்கியின் முன் முணுமுணுக்க முடிந்தது. மூச்சும், எச்சில் விழுங்கும் ஓசையும், சொல்லத் தொடங்கி விட்டுவிடும் சொல்லும் நடிப்பின் கருவிகளாயின. ஆனால் முகமும் உடலும் மறைந்தமையால், சிறுவர் பாத்திரத்திற்கு எவரின் குரலைப் பயன்படுத்துவது என்ற வினா கூர்மையடைந்தது. உண்மையான சிறுவரையா, சிறுவர்போற் பேசவல்ல பெண்களையா?

இவ்வினாவிற்கு யப்பானியச் சித்திரப்படக் கலை இரு வேறுபட்ட விடைகளைத் தந்துள்ளது. ‘ட்ராகன் பால்’ தொடரின் நாயகன் கோகுவுக்கு 1986 முதல் குரல் கொடுத்தவர் மசாக்கோ நொசாவா என்னும் பெண் கலைஞர். நாயகன் வளர்ந்து தந்தையான பின்பும் அவரே பேசினார். அதனால், வளர்ந்த வீரனின் உடலில் ஒரு சிறுவனின் குரல் தங்கிவிட்டது. அவன் பாலியத்தை இழக்கவேயில்லை என்பதைக் குரல் அறிவித்துக்கொண்டிருந்தது.

மற்றையது, இசாவோ தகஹாட்டா நெறியாள்கை செய்து 1988இல் வெளியான ‘மின்மினிகளின் கல்லறை’. 1945இற் கோபே நகர்மீது குண்டு பொழியப்பட்டபோது தாயை இழந்த இரு பிள்ளைகளின் கதை அது. நான்கு வயதுத் தங்கை செற்சுக்கோவுக்கு வளர்ந்தோர் எவரையும் அமர்த்தாது, ஏறத்தாழ அவ்வயதினளான ஒரு சிறுமியையே பேசவைத்தனர். சித்திரத்தை முதலில் வரைந்து பின்னர் குரல் சேர்ப்பது யப்பானிய வழக்கம். சிறுமியால் அசையும் உதடுகளுக்கு ஏற்பப் பேச இயலாதாகையால், அவள் குரலை முன்னரே பதிவுசெய்து அதற்கேற்பப் படம் வரைந்தனர். தொழில்முறையே குழந்தைக்காக வளைந்துகொடுத்தது. அதன் பயன், வளர்ந்தோர் கற்பனைசெய்யும் ‘சோகக் குழந்தை’ அங்கு இல்லை. தனக்கு நேர்வது இன்னதென அறியாத குரல் ஒன்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அறிந்திருக்கும் நாம் அதனைக் கேட்கிறோம்.

இவ்விரண்டில் எது சிறந்தது எனத் தீர்ப்பளித்தல் தேவையற்றது. வளர்ந்தவர் குழந்தைக்குரலை மேற்கொள்ளும்போது அதில் எப்போதும் ஒரு நினைவுகூரல் உண்டு. தாம் இழந்ததை அவர் தேடிப் பேசுகிறார். பாலியத்தைத் திரும்பிப் பார்க்கும் பாத்திரத்திற்கு அது பொருத்தம். பாலியம் பறிபோகும் கணத்தைக் காட்டுவதற்கோ குழந்தையின் குரலே வேண்டும்.

7

1983இன் பின்னர் குடாநாட்டில் இழந்த பாலியம் என்பது புராணப் பொருளாக இருக்கவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் 1985இல் அளித்த ‘மண் சுமந்த மேனியர்’ ஊரூராகச் சென்றது. அதில் எடுத்துரைப்பும் குழுப்பாடலும் முதன்மை பெற்றன. ஒருவரின் துயரத்தை ஒருவர் மட்டும் சொல்லவொண்ணாத காலத்திற் குழுக்குரல் பாதுகாப்பும் வலுவும் தந்தது. சண்முகலிங்கம் சிறுவர் அரங்கிற்கும் பெரும்பணி ஆற்றியவர் என்பது தற்செயலன்று. ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற அவரது சிறுவர் நாடகங்களிற் பிள்ளைகள் சத்தமிட்டுப் பாடி ஆட இடமிருந்தது. போர்க்காலச் சிறுவருக்குக் குரலை அடக்கப் பழக்கியிருந்த சூழலில், உரத்துக் கத்துவதற்கான உரிமையே அரங்கு அளித்த மருந்தாயிற்று. போரின் உளவடுவைப் பொருளாகக் கொண்ட அவரது ‘அன்னை இட்ட தீ’யும் இந்நோக்கின் தொடர்ச்சியே.

1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெயர்ந்தபோது நடந்துசென்ற பிள்ளைகள், இன்று நாற்பதை அணுகும் அல்லது கடந்த வயதினர். அவர்களுட் சிலர் நடிகராகவும் நெறியாளராகவும் உள்ளனர். அக்காலத்துச் சிறுவரை மேடையிலோ ஒலிப்பதிவிலோ படைக்கும்போது அவர்கள் எதிர்கொள்ளும் சோதனை யாது? அழுகையே குழந்தையின் ஒரே மொழி எனக் கொள்வது எளிது. ஷெல் சத்தத்தைக் கேட்டே அது எங்கே விழும் எனக் கணித்துச் சொன்ன சிறுவனின் நிதானமான குரல் அதைவிடக் கொடியது. பதுங்குகுழியில் தங்கைக்குக் கதை சொன்ன எட்டு வயதுச் சிறுமியின் பெரியமனுஷித் தொனியும் அவ்வாறே. கேட்போரை அழவைக்க விரும்பும் நடிகர் இக்குரல்களைத் தவறவிடுவார்.

நமது நாடக வரலாறு பெரும்பாலும் அச்சேறிய பிரதிகளையும் கையேடுகளையும் நம்பி எழுதப்பட்டது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டதும், பின்வந்த இடப்பெயர்வுகளும் அவற்றுட் பலவற்றை அழித்தன. எஞ்சிய பிரதிகள் மீள அச்சேறி வருகின்றன, அது வரவேற்கத்தக்கது. ஆயின், லோகிதாசன் பசியை எத்தொனியிற் சொன்னான், முதற்காத்தானின் குழைவு எத்தகையது என்பதை எந்தப் பிரதியும் சொல்லாது. அது முதிய கலைஞர்களின் தொண்டையிலும், கிராமங்களில் இன்னும் அழியாதிருக்கும் ஒலிநாடாக்கள் சிலவற்றிலும் மட்டுமே உள்ளது. மயான காண்டத்திற் சிறுவனாக நடித்தவர் எவரேனும் நம் மாணவரின் ஊரில் வாழ்வாராயின், அவர் பாடிய பாட்டோடு, அப்பாட்டைப் பாடியபோது அவருக்கு எத்தனை வயது, அன்றிரவு அவர் எப்போது உறங்கினார், மறுநாட் பள்ளிக்குச் சென்றாரா என்பனவும் கேட்டுப் பதியப்படல் வேண்டும். அவ்விடைகளின்றி அக்குரலின் வரலாறு முழுமைபெறாது.